தீப்பந்தமும் பிறப்புச் சான்றிதழும்

அமெரிக்காவில் ஒரு குழந்தை பிறந்ததும் மருத்துவமனை நிரப்பி அனுப்பும் படிவத்தில் தாயின் வயது, படிப்பு, முந்தைய பேறுகள், குழந்தையின் எடை எனப் பல விவரங்கள் கேட்கப்படும். 1989-இல் அந்தப் படிவத்தைத் திருத்தியபோது, கர்ப்ப காலத்தில் புகையிலை பயன்படுத்தியதுண்டா என்ற கேள்வியையும் சேர்த்தார்கள். 2003-ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னும் நுணுக்கமானது. கருவுறுவதற்கு முந்தைய மூன்று மாதங்களுக்கு ஒரு கட்டம், அதன்பின் ஒவ்வொரு மூன்று மாதத்திற்கும் ஒரு கட்டம். நாளொன்றுக்கு எத்தனை சிகரெட் என்று எண்ணிக்கையாகவே எழுத வேண்டும். தாய் யார்மீது ஈர்ப்புக் கொண்டவள் என்ற கேள்வி அதில் இல்லை. இருந்திருக்க வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. அரசாங்கத் தாளில் அதை எழுதிக்கொடுக்க எத்தனை பேர் துணிவார்கள் என்பது தனிக் கேள்வி. ஆனால் அந்த இடைவெளியில் ஒரு கூட்டம் முழுவதுமாக மறைந்து கிடந்தது: பெண்கள்மீது ஈர்ப்புள்ளவர்களாகவோ இருபாலர்மீதும் ஈர்ப்புள்ளவர்களாகவோ இருந்து, இள வயதில் கருவுற்று, கருவுற்ற பின்னும் புகைத்துக்கொண்டிருந்த பெண்கள்.

அப்படி ஒரு கூட்டம் இருந்ததா என்று வாசகர்கள் புருவம் உயர்த்தக்கூடும். பெண்ணை நேசிக்கும் பெண் எப்படிக் கருவுறுவாள்? மருத்துவர்களும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்தார்கள். சிகரெட் விற்றவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. அவர்களுக்குப் பெண்களும் சந்தை, தன்பாலீர்ப்பாளர்களும் சந்தை. இரண்டிலும் ஒருங்கே நின்றவள் இரண்டு வலைகளிலும் விழுந்தாள். இந்த வரலாற்றைச் சற்றே பின்னால் போய்த் தொடங்குவோம்.

*

1908 ஜனவரியில் நியூயார்க் நகர மன்றம், பெண்கள் பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்கும் விதி ஒன்றை இயற்றியது. மறுநாளே கேட்டி மல்காஹி என்ற இளம்பெண் தெருவில் சிகரெட் பற்றவைத்ததற்காகப் பிடிபட்டு ஐந்து டாலர் அபராதம் விதிக்கப்பட்டாள். தனக்கும் எந்த ஆணுக்கும் உள்ள உரிமை உண்டு என்று அவள் நீதிபதியிடம் வாதாடினாள். இரண்டு வாரங்களுக்குள் மேயர் அந்த விதியை ரத்து செய்துவிட்டார். ஆனாலும் தெருவில் புகைக்கும் பெண் ‘ஒரு மாதிரி’ என்ற எண்ணம் அழிய இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின.

அந்த எண்ணத்தை அழித்தவர் என்று பாடப்புத்தகங்களெல்லாம் எட்வர்ட் பெர்னேஸைச் சொல்லும். சிக்மண்ட் பிராய்டின் உறவுக்காரர், விளம்பரத் தொழிலின் தந்தைகளில் ஒருவர். லக்கி ஸ்டிரைக் சிகரெட்டை விற்ற அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனத்துக்காக 1929 மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறன்று, நியூயார்க்கின் ஐந்தாம் நிழற்சாலையில் சில இளம்பெண்களைப் புகைத்தபடி நடக்கவைத்தார். ஏ. ஏ. பிரில் என்ற உளப்பகுப்பாய்வாளரிடம் அவர் முன்கூட்டியே ஆலோசனை கேட்டிருந்தார். சிகரெட் என்பது பெண்களுக்குச் சுதந்திரத்தின் தீப்பந்தம் என்று சொல்லிக்கொடுத்தவர் பிரில்தான். பத்திரிகைகள் அந்த ஊர்வலத்தைச் செய்தியாக வெளியிட்டன. அதன் பின்னாலிருந்த கம்பெனி எவர் கண்ணுக்கும் தெரியவில்லை. இந்த ஒரு நாளில் எல்லாம் மாறிவிட்டதாகப் பெர்னேஸ் பிற்காலத்தில் சொல்லிக்கொண்டதை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. விளம்பரக்காரர் தம்மைப் பற்றிச் செய்துகொள்ளும் விளம்பரமும் விளம்பரமே. பெண்கள் அதற்கு முன்பே புகைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

அதற்கு ஐரோப்பாவில் சாட்சி உண்டு. ஜெர்மானிய ஓவியர் ஓட்டோ டிக்ஸ் 1926-இல் வரைந்த, பத்திரிகையாளர் சில்வியா வான் ஹார்டனின் உருவப்படம் இன்று பாரிஸின் பொம்பிடு மையத்தில் இருக்கிறது. குட்டையாக வெட்டிய தலைமுடி, ஒற்றைக் கண்ணாடி, நீண்ட விரல்களுக்கிடையே சிகரெட், மேசைமேல் சிகரெட் பெட்டி. ‘புதிய பெண்’ணின் அடையாளங்கள் அவை. ஆண்களுக்கென்று ஒதுக்கப்பட்டதை எடுத்துக்கொண்ட பெண் அவள். இங்கிலாந்தில் ‘தி வெல் ஆஃப் லோன்லினஸ்’ நாவலை எழுதி, 1928-இல் அது ஆபாசம் என்று நீதிமன்றத்தால் தீர்ப்பளிக்கப்படுவதைக் கண்ட ராட்கிளிஃப் ஹாலும் ஆண் உடையில் சிகரெட்டுடன் படம் எடுத்துக்கொண்டவர்தான். இவர்களை யாரும் புகைக்கச் சொல்லிக் கொடுக்கவில்லை. பெயர் சொல்ல முடியாத ஒன்றைப் பெயர் சொல்லாமலே அறிவித்துக்கொள்ள, கையில் பிடிக்கக்கூடிய சிறிய பொருள் ஒன்று அவர்களுக்குத் தேவைப்பட்டது. தீப்பந்தம் பெர்னேஸ் கண்டுபிடித்ததல்ல என்பதுதான் நம் கருத்து. ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்ததை அவர் விலைக்கு வாங்கினார்.

*

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க நகரங்களில் பெண்களை நேசித்த பெண்கள் கூடுவதற்கு ஏறக்குறைய ஒரே இடம்தான் இருந்தது: மதுக்கூடம். எலிசபெத் லாபோவ்ஸ்கி கென்னடியும் மேட்லின் டேவிஸும் பஃபலோ நகரத்துத் தொழிலாளி வர்க்கப் பெண்களிடம் பல ஆண்டுகள் நேர்காணல் செய்து 1993-இல் வெளியிட்ட ‘பூட்ஸ் ஆஃப் லெதர், ஸ்லிப்பர்ஸ் ஆஃப் கோல்ட்’ என்ற வாய்மொழி வரலாறு இதை விரிவாகக் காட்டுகிறது. வேலையிலும் வீட்டிலும் தேவாலயத்திலும் வேறொருத்தியாக இருந்துவிட்டு வார இறுதியில் மட்டும் தானாக இருக்கக் கிடைத்த இடம் அது. காவல்துறை எப்போது புகும் என்று தெரியாது. குடியும் புகையும் அங்கே இருந்தே தீரும். முன்பின் அறியாத பெண்ணிடம் பேச்சைத் தொடங்குவதற்கு நெருப்புக் கேட்பதைவிட ஆபத்தில்லாத வழி எது?

அந்தக் காலத்து நாவல்களும் புகை மண்டியவை. பாட்ரீசியா ஹைஸ்மித் 1952-இல் வேறு பெயரில் வெளியிட்ட ‘தி பிரைஸ் ஆஃப் சால்ட்’ நாவலின் கரோல் ஒரு தாய். பெண்ணை நேசித்ததற்கு விலையாக மகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உரிமையைக் கொடுக்க நேர்பவள். 1957 முதல் 1962 வரை வெளிவந்த ஐந்து மலிவுப் பதிப்பு நாவல்கள் மூலம் ஊர் ஊராகத் தனித்துக் கிடந்த பெண்களைச் சென்றடைந்த ஆன் பானன் பிலடெல்பியாவில் வசித்த இல்லத்தரசி. இரு குழந்தைகளைப் பெற்றவர். தாயும் தன்பாலீர்ப்பாளரும் ஒரே ஆளாக இருக்கக்கூடும் என்பது இலக்கியத்துக்குத் தெரிந்திருந்தது. மருத்துவத்துக்குத்தான் தெரியவில்லை.

*

மருத்துவம் அப்போது வேறொன்றைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது.

கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் வினியா சிம்சன் என்ற மருத்துவர் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களின் விவரங்களைத் திரட்டி 1957-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். புகைக்கும் தாய்மார்களுக்குக் குறைப்பிரசவம் அதிகம். சிகரெட்டின் எண்ணிக்கை கூடக்கூட அதுவும் கூடியது. ‘முதற்கட்ட அறிக்கை’ என்று அடக்கமாகத் தலைப்பிட்டிருந்தார். 1964 ஜனவரி 11 அன்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் லூதர் டெர்ரி வெளியிட்ட புகழ்பெற்ற அறிக்கை நுரையீரல் புற்றுநோயைப் பற்றி உறுதியாகப் பேசியது. கர்ப்பத்தைப் பற்றியோ, புகைக்கும் தாயின் குழந்தை எடை குறைந்து பிறக்கிறது என்பதோடு நிறுத்திக்கொண்டது. காரணம் புகைதானா என்று முடிவு கட்டவில்லை.

முடிவு கட்டாததற்கு ஒரு வாதம் உதவியது. பெர்க்லியைச் சேர்ந்த ஜேகப் யெருஷால்மி சாதாரண ஆளல்ல, தேர்ந்த புள்ளியியலாளர். அவர் ஒரு விந்தையைச் சுட்டினார்: எடை குறைந்து பிறந்த குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டால், புகைக்கும் தாய்மாரின் குழந்தைகள் புகைக்காதவர்களின் குழந்தைகளைவிட அதிகமாகப் பிழைக்கின்றன. அப்படியானால் எடையைக் குறைப்பது புகையா, அல்லது புகைக்கும் சுபாவமுடைய பெண்ணின் உடலும் வாழ்வுமா? புகையல்ல, புகைப்பவள்தான் காரணமாக இருக்கலாம் என்பது 1971-இல் அவர் முன்வைத்த ஐயம். புகையிலைக் கம்பெனிகளுக்கு இது தேனாக இனித்தது. புதிருக்குத் தெளிவான விடை 2006-இல்தான் வந்தது. புகைக்காத ஒருத்தியின் குழந்தை மிகவும் எடை குறைந்து பிறந்தால் அதற்குப் பிறவிக் குறைபாடு போன்ற கொடிய காரணம் ஏதோ இருந்திருக்க வாய்ப்பு அதிகம். புகைப்பவளின் குழந்தைக்கு அந்தக் காரணம் பெரும்பாலும் புகை. எடை குறைந்தவர்களை மட்டும் பிரித்தெடுத்து ஒப்பிட்டதே பிழை. ஹெர்னாண்டஸ்-டியாஸும் அவருடைய சகாக்களும் இதை வரைபடம் போட்டு விளக்கினார்கள். புகைப்பவளின் சுபாவத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய வாதம் முப்பத்தைந்து ஆண்டுகள் உயிரோடிருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

பிரிட்டனில் 1958 மார்ச் மாதத்தில் ஒரே வாரத்தில் பிறந்த ஏறக்குறைய 17,000 குழந்தைகளின் விவரங்களை நெவில் பட்லர் குழு சேகரித்து வைத்திருந்தது. 1972-இல் அதிலிருந்து வந்த கணக்கு: நான்காம் மாதத்துக்குப் பின்னும் புகைத்தால் குழந்தையின் எடை சராசரி 170 கிராம் குறையும், பிறப்பையொட்டிய மரணம் 28 விழுக்காடு கூடும். அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. நான்காம் மாதம் முடிவதற்குள் நிறுத்திவிட்டவர்களின் குழந்தைகள் புகைக்காதவர்களின் குழந்தைகளைப் போலவே பிறந்தன. திட்டுவதற்கு முதல் செய்தியும் உதவுவதற்கு இரண்டாவதும் பயன்படும். சுவரொட்டிகள் பெரும்பாலும் முதல் செய்தியையே எடுத்துக்கொண்டன.

கம்பெனிகள் என்ன சொல்லின? அமெரிக்கத் தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரம் தடைசெய்யப்பட்ட மறுநாள், 1971 ஜனவரி 3 அன்று, பிலிப் மோரிஸின் தலைவர் ஜோசப் கல்மன் சி.பி.எஸ். தொலைக்காட்சியின் நேர்காணலுக்கு வந்தார். புகைக்கும் பெண்களுக்குக் குழந்தை சிறிதாகப் பிறக்கிறது என்பதை அவர் மறுக்கவில்லை. சிறிய குழந்தையும் நலமான குழந்தைதான், சில பெண்கள் சிறிய குழந்தையையே விரும்பக்கூடும் என்றார். எடை குறைவைக் கூட விற்பனைச் சரக்காக மாற்ற முடியும் என்று நம்பிய மனிதர்.

அவருடைய நிறுவனம்தான் 1968-இல் பெண்களுக்கென்றே மெல்லிய வர்ஜீனியா ஸ்லிம்ஸ் சிகரெட்டைக் கொண்டுவந்தது. ‘நீ வெகுதூரம் வந்துவிட்டாய், பேபி’ என்பது விளம்பர வாசகம். பெண் விடுதலை இயக்கம் தெருவில் பெற்றதை இருபது குச்சிகளாகப் பெட்டியில் அடைத்து விற்றார்கள். பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்கள் புகைக்கத் தொடங்கும் வேகம் 1967-ஐ ஒட்டித் திடீரென ஏறியதை 1994-இல் ஜான் பியர்ஸும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். வர்ஜீனியா ஸ்லிம்ஸ் பெயரிலேயே பெண்கள் டென்னிஸ் பந்தயங்களும் நடந்தன. 1970-இல் அதற்கு உயிர் கொடுத்தவர்களில் முதன்மையானவர் பில்லி ஜீன் கிங். 1981-இல் ஒரு வழக்கின் மூலம் அவருடைய தன்பாலுறவு வெளிச்சத்துக்கு வந்தபோது, பல நிறுவனங்கள் அவருடனான விளம்பர ஒப்பந்தங்களை விட்டு விலகின. விடுதலையை விற்றவர்களின் காலத்தில் விடுதலைக்கு இருந்த எல்லை அது.

*

தன்பாலீர்ப்பாளர்களைச் சந்தையாகக் காண்பதற்கு இன்னும் பத்தாண்டு ஆயிற்று. எய்ட்ஸ் நோயாளிகளுக்கு எதிராகப் பேசிவந்த செனட்டர் ஜெசி ஹெல்ம்ஸுக்கு பிலிப் மோரிஸ் பணம் கொடுத்ததைக் கண்டித்து, ஆக்ட் அப் இயக்கம் 1990-இல் மார்ல்போரோவையும் மில்லர் பீரையும் புறக்கணிக்க அழைப்பு விடுத்தது. அடுத்த ஆண்டில் எய்ட்ஸ் பணிகளுக்கு நன்கொடையை உயர்த்துவதாக நிறுவனம் ஒப்புக்கொள்ள, புறக்கணிப்பு முடிந்தது. கேட்டது சிகரெட்டை நிறுத்தச் சொல்லியல்ல என்பது இங்கே வேதனையான நகைச்சுவை. 1992-இல் ‘ஜான்ர்’ என்ற ஆண்களுக்கான இதழில் அதே நிறுவனத்தின் பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் விளம்பரம் வந்தது. பெரிய நிறுவனங்கள் தீண்டாத பத்திரிகைகளுக்கு அது ஓர் அங்கீகாரமாகவே தோன்றியது. நம்மையும் மனிதராக மதித்து விற்க வருகிறார்களே என்ற மகிழ்ச்சியை வெளியிலிருந்து எள்ளி நகையாடுவது எளிது. எந்தக் கடையும் வாசலில் சேர்க்காதவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும். அந்த மகிழ்ச்சிக்கு எதிராக உள்ளிருந்தே குரல் கொடுத்தவர்களும் இருந்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் 1991-இல் தொடங்கப்பட்ட ‘கிளாஷ்’ என்ற லாவெண்டர் அமெரிக்கர் கூட்டமைப்பு அவர்களில் முக்கியமானது. ‘தி லாஸ்ட் டிராக்’ என்று பெயரிட்டு, தங்கள் மக்களுக்கென்றே புகை நிறுத்த வகுப்புகளும் அந்த நகரில் நடந்தன.

ஆர். ஜே. ரெனால்ட்ஸ் நிறுவனத்தின் திட்டம்தான் இவற்றில் மிகவும் அப்பட்டமானது. 1990-களின் நடுவில், சான் பிரான்சிஸ்கோவில் தன்பாலீர்ப்பாளர்கள் மிகுந்த காஸ்ட்ரோ பகுதியிலும் வீடற்றவர்கள் மிகுந்த டெண்டர்லாயின் பகுதியிலும் கேமல் சிகரெட்டின் விற்பனையைக் கூட்ட ஒரு திட்டம் தீட்டினார்கள். ‘நகர்ப்புற உபகலாச்சாரச் சந்தைப்படுத்தல்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கமாக அதற்கு வைத்த பெயர் ‘ஸ்கம்’. கசடு, கழிவு என்று பொருள். மாநில அரசுகள் கம்பெனிகள்மீது தொடுத்த வழக்குகளும் 1998-ஆம் ஆண்டு உடன்படிக்கையும் இல்லாதிருந்தால் இந்தத் தாள்கள் வெளியே வந்திருக்கப்போவதில்லை. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகம் நடத்தும் இணையக் காப்பகத்தில் இன்று யாரும் அவற்றைப் படிக்கலாம்.

இந்த விளம்பரங்களில் பெரும்பாலானவை ஆண்களைக் குறிவைத்தவை என்பதையும் சொல்லியாக வேண்டும். பெண்ணை நேசிக்கும் பெண்ணுக்கென்று தனிச் செலவு தேவைப்படவில்லை. பெண் என்ற வகையில் அவளை அடைய வர்ஜீனியா ஸ்லிம்ஸ் இருந்தது; மற்ற வகையில் அடைய மதுக்கூடமும் ஊர்வலமும் விழாவும் இருந்தன. அமெரிக்கக் கணக்கெடுப்புகளில் புகைக்கும் பெண்களின் விகிதம் இருபாலீர்ப்புள்ளவர்களிடையே மிக உயர்ந்திருப்பது மீண்டும் மீண்டும் பதிவாகியிருக்கிறது. வர்ஜீனியா புரூக்ஸ் 1981-இலும் இலான் மேயர் 2003-இலும் விளக்கிய ‘சிறுபான்மை மன அழுத்தம்’ என்ற கருத்தும் இங்கே துணைக்கு வரும். எப்போதும் எதையோ மறைத்துக்கொண்டு, எப்போதும் ஓர் அவமதிப்பை எதிர்பார்த்துக்கொண்டு வாழ்வது உடலையே தேய்க்கிறது. அந்தத் தேய்மானத்துக்குப் பக்கத்துக் கடையில் கிடைத்த மருந்து சிகரெட்.

*

இனி நாம் தொடக்கத்தில் விட்ட கேள்விக்கு வருவோம். இவர்கள் கருவுறுகிறார்களா?

மினசோட்டா மாநிலத்தில் 1987-இல் பள்ளி மாணவர்களிடம் நடத்திய பெரிய கணக்கெடுப்பில் பாலீர்ப்பு பற்றியும் கேட்டிருந்தார்கள். எலிசபெத் சேவிக்கும் அவருடைய குழுவினரும் அந்தத் தரவுகளை எடுத்து ஆராய்ந்து 1999-இல் வெளியிட்டார்கள். உடலுறவு அனுபவம் உள்ள பதின்வயதுப் பெண்களில், தங்களைத் தன்பாலீர்ப்புள்ளவர் அல்லது இருபாலீர்ப்புள்ளவர் என்று குறிப்பிட்டோரிடையே கர்ப்பம் 12 விழுக்காடு. மற்ற பெண்களிடையே 5 அல்லது 6 விழுக்காடு. இரு மடங்கு! பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1992, 1998, 2003 ஆகிய ஆண்டுகளின் மாணவர் கணக்கெடுப்புகளை வைத்துப் பின்னர் அவர் செய்த ஆய்வும் அதே திசையைத்தான் காட்டியது.

ஏன்? மறைத்துக்கொள்வதற்கு ஆண் துணையைவிட நல்ல திரை இல்லை. பள்ளியில் கேலியிலிருந்து தப்ப, வீட்டில் ஐயத்திலிருந்து தப்ப, சில நேரம் தன்னிடமிருந்தே தப்ப, ஒரு பெண் ஆணோடு பழகிக் காட்டுகிறாள். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களும் இவர்களிடையே அதிகம். வீட்டைவிட்டு விரட்டப்பட்டுத் தெருவில் வாழ்பவர்களுக்கு உடலே வாடகைப் பணமாகிறது. கருத்தடை பற்றிப் பள்ளியில் சொல்லித்தரும்போது அது தனக்கானதல்ல என்று நினைத்துக் காதைப் பொத்திக்கொள்கிறவளும் உண்டு. அவளுக்கு எதற்கு என்று மருத்துவரும் சொல்லாமல் விடுகிறார். இவற்றில் ஒன்றுகூட அவளுடைய ஈர்ப்பிலிருந்து பிறந்ததல்ல. அந்த ஈர்ப்பை ஊர் நடத்திய விதத்திலிருந்து பிறந்தவை. யெருஷால்மியின் வாதத்தை நினைவில் வைத்திருக்கும் வாசகருக்கு இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்று விளங்கும்.

கருவுற்று மருத்துவமனைக்குப் போகும் பதினெட்டு வயதுப் பெண்ணிடம் இரண்டு ஒப்புதல்கள் இருந்தன. நான் புகைக்கிறேன் என்பது ஒன்று. அதைச் சொன்னால் வசைதான் கிடைக்கும்; 1985 முதல் அமெரிக்க சிகரெட் பெட்டிகளில் மாறிமாறி அச்சான எச்சரிக்கைகளில் ஒன்று கருவுக்கு நேரும் கேட்டைச் சொல்வது. மற்ற ஒப்புதலைச் சொன்னால் குழந்தையே பறிபோகலாம். இது வெறும் பயமல்ல. குழந்தையைக் காக்கும் வழக்குகளில் உதவுவதற்கென்றே 1974-இல் சியாட்டிலில் தன்பாலீர்ப்புத் தாய்மார்களின் பாதுகாப்பு நிதி ஒன்று தொடங்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் நிலைமை பெரிதாக மாறவில்லை. வர்ஜீனியா மாநிலத்தில் ஓர் இளம் தாய் பெண் துணையோடு வாழ்ந்ததைப் பெரிதும் முன்வைத்து, அவருடைய மகனை நீதிமன்றம் பாட்டியிடம் ஒப்படைத்தது. 1995-இல் மாநில உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இந்த நிலையில் எந்தப் பெண் வாய் திறப்பாள்? மருத்துவருக்கு எதிரே அமர்ந்திருந்தவள் பாதி ஆள்தான்.

*

பிரிட்டிஷ் சமூகவியலாளர் ஹிலரி கிரஹாம், வறுமையில் வாழும் தாய்மார்கள் ஏன் புகைக்கிறார்கள் என்று 1970-களிலிருந்தே அவர்களிடம் கேட்டு எழுதிவந்தார். 1993-இல் வெளிவந்த அவருடைய நூலில் கிடைக்கும் சித்திரம் மறக்க முடியாதது. நாள் முழுக்கப் பிறருக்காக உழைக்கும் அப்பெண்களுக்கு, ஒரு சிகரெட் எரியும் ஐந்து நிமிடம்தான் தமக்கென்று மிஞ்சுவது. உணவைக்கூடக் குறைத்துக்கொள்வார்கள், இதைக் குறைக்கமாட்டார்கள். கேடு தெரியாமல் புகைக்கிறார்கள் என்று எண்ணி மேலும் மேலும் கேட்டை எடுத்துச் சொன்னவர்களுக்கு இது பெரிய பதில். கிரஹாம் எழுதியது பாலீர்ப்பைப் பற்றியல்ல. ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்குள் மறைத்துவைக்க ஒரு ரகசியமும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்று ஊகிக்க ஆய்வு தேவையில்லை.

உடலும் ஒத்துழைப்பதில்லை. நிகோடின் நஞ்சுக்கொடியைத் தடையின்றிக் கடந்து (நம் மொழியில் அதற்கு இப்படியொரு பெயர் அமைந்தது விதியின் விளையாட்டுத்தான்) சிசுவின் இரத்தத்தில் தாயினுடையதைவிடச் சற்றுக் கூடுதலாகவே சேர்கிறது. சிகரெட் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிர்வளியின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இதைப் பலரும் அறிவர். குறைவாகத் தெரிந்தது வேறொன்று: கருவுற்றிருக்கும்போது தாயின் உடல் நிகோடினை ஏறத்தாழ 60 விழுக்காடு வேகமாகக் கரைத்து வெளியேற்றுகிறது என்று 2002-இல் ஒரு குழு அளந்து காட்டியது. அதாவது அடுத்த சிகரெட்டுக்கான தவிப்பு முன்னைவிடச் சீக்கிரம் வந்துவிடும். சாதாரண அளவிலான நிகோடின் பட்டையை ஒட்டினால் அது போதாமல் போகும். பட்டைகள் பிரசவம் வரை நிறுத்தவைப்பதில் குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை என்று இங்கிலாந்தில் 1,050 பெண்களிடம் நடத்தி 2012-இல் வெளியிட்ட சோதனை சொன்னதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நிறுத்த முடியாதவளை மனவுறுதி இல்லாதவள் என்று பழிப்போர் இந்த எண்களைப் பார்ப்பதில்லை. கிளாஸ்கோவில் டேவிட் டாப்பின் குழு எளிய வழி ஒன்றைச் சோதித்தது. வழக்கமான உதவியோடு, நிறுத்தினால் மொத்தம் 400 பவுண்டு வரை கடைச்சீட்டுத் தருவது. 2015-இல் வந்த முடிவு: சீட்டுப் பெற்றவர்களில் 22.5 விழுக்காடு பேர் கர்ப்பத்தின் இறுதியில் நிறுத்தியிருந்தனர், மற்றவர்களில் 8.6 விழுக்காடு. லஞ்சம் என்று சிலர் முகம் சுளித்தார்கள். அந்தக் குழந்தைகளின் நுரையீரலுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

2015-இல் ஜூல் மின்சிகரெட் சந்தைக்கு வந்தபின் கதை வேறு வடிவம் எடுத்தது. தீயில்லை, சாம்பலில்லை, மாம்பழ வாசனை உண்டு. தீயில்லாததால் கார்பன் மோனாக்சைடு இல்லை என்பது உண்மை. நிகோடின் இருக்கிறது என்பதும் உண்மை. இளம்பெண்கள் பலருக்கு முதலாவது மட்டும் போய்ச் சேர்ந்தது. 2016-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பாலியல் சிறுபான்மை இளைஞர்களுக்கென்று முதன்முதலாகப் புகையிலை எதிர்ப்புப் பிரச்சாரம் ஒன்றைத் தொடங்கியது. ‘ஸ்கம்’ தாள்கள் எழுதப்பட்டு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்குப் பிறகு!

எண்ணுவதும் தாமதமாகவே வந்தது. அமெரிக்காவின் குடும்ப வளர்ச்சி குறித்த தேசியக் கணக்கெடுப்பு 2002 முதல் பாலீர்ப்பையும் கேட்கிறது. பெத்தனி எவரெட்டும் மற்றவர்களும் அந்தத் தரவுகளைக் கொண்டு, இப்பெண்களின் பேறுகளில் எடைக்குறைவும் குறைப்பிரசவமும் கூடுதல் என்று 2019-இல் எழுதினார்கள். பள்ளி மாணவர்களுக்கான தேசியக் கணக்கெடுப்பில் இந்தக் கேள்வி 2015-இல்தான் நுழைந்தது. அதே ஆண்டில் ஒருபால் திருமணம் நாடெங்கும் சட்டமானது. 2017-இல் பேவன் எதிர் ஸ்மித் வழக்கில், பிறப்புச் சான்றிதழில் தாயின் மனைவி பெயரையும் எழுத வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பதினேழு வயதில் ஆண் துணையால் கருவுற்றவளுக்கு இந்தத் தீர்ப்பால் நேரடி ஆதாயம் ஏதுமில்லை. அவள் இன்னும் அந்தப் படிவத்தில் ஒரு சிகரெட் எண்ணிக்கை மட்டும்தான்.

கர்ப்பிணிகளின் பழக்கங்களையும் அனுபவங்களையும் பிரசவத்துக்குப் பின் அவர்களிடமே கேட்டறியும் ‘பிராம்ஸ்’ என்ற தொடர் கணக்கெடுப்பை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1987-இல் தொடங்கியது. மினசோட்டா மாணவிகள் விடையெழுதிய அதே ஆண்டு. 2025 ஜனவரி இறுதியில், புதிய அரசின் ஆணையை ஒட்டி, பாலின அடையாளம் சார்ந்த தரவுகள் இருந்த பக்கங்கள் அந்த மையத்தின் தளத்திலிருந்து நீக்கப்பட்டன. மாணவர் கணக்கெடுப்பும் அவற்றில் ஒன்று. பிப்ரவரியில் நீதிமன்றம் தலையிட்ட பிறகு பல பக்கங்கள் திரும்பி வந்தன. ஏப்ரல் முதல் தேதி நடந்த ஆட்குறைப்பில் ‘பிராம்ஸ்’ நடத்திவந்த குழுவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.